வென்டோட்டேனே: பாறையை வெட்டி ரோமர்கள் உண்டாக்கிய தீவு ஊர் – போய்ப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

இத்தாலியின் மேற்குக் கடலில், ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவில் சில எரிமலைத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று வென்டோட்டேனே. நீளம் 3 கிலோமீட்டருக்குப் பக்கம். அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. உயரமான மேடு 139 மீட்டர். பதிவேட்டின்படி சுமார் 700 பேர் வாழும் ஊர். குளிர்காலத்தில் அதில் பாதிப் பேரைக் காண்பதே கஷ்டம். ரோமர்கள் இதை பாந்தாதேரியா என்று அழைத்தார்கள். பேரரசர் அகஸ்டஸ் இங்கே ஒரு மாளிகை கட்டினார், கூடவே ஒரு துறைமுகம், தண்ணீர்த் தொட்டிகள், மீன் வளர்க்கும் தொட்டிகள்.

இங்கே வரும் பெரும்பாலோர் கடலில் குளிக்க வருகிறார்கள். ரோமத் துறைமுகத்தின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். தூண்களும் பளிங்குச் சிலைகளும் இருக்கும் என்று நம்பி வருபவர்களோ ஏமாந்து திரும்புகிறார்கள். இரண்டு தரப்பும் தவறவிடுவது ஒன்றுதான்: இந்தத் தீவில் ரோமர்கள் கட்டியதெல்லாம் போய்விட்டது, வெட்டியதெல்லாம் இருக்கிறது. கட்டிய சுவரின் கல்லைப் பின்னால் வந்தவர்கள் பெயர்த்துத் தூக்கிப் போகலாம். குடைந்த பள்ளத்தை யார் தூக்கிப் போக முடியும்? அதனால் இங்கே அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீழே சொல்லும் வரிசை முழுக்க அந்தக் கணக்கில் போட்டது.

முதலில்: எப்போது, எத்தனை நாள்

மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்டில் போகாதீர்கள். இத்தாலியே விடுமுறையில் இருக்கும் மாதம் அது. இவ்வளவு சின்ன தீவில் அறையும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. நவம்பர் முதல் மார்ச் வரை விடுதிகளும் உணவகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும், காற்று அடித்தால் கப்பலும் நிற்கும்.

செப்டம்பரில் போவதானால் 20ஆம் தேதியை ஒட்டிப் போகலாம். ஊரின் காவல் தெய்வமான புனித கான்டிடாவின் திருவிழா அன்றுதான். அதற்கு முந்தைய நாட்களில் காகிதத்தில் செய்த பெரிய வெப்பக் காற்றுப் பலூன்களை ஊர்க்காரர்கள் சதுக்கத்திலிருந்து பறக்கவிடுவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்த வாரம் அறைக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணம் இங்கே சரிப்படாது. ரோமர் காலத்து இடங்கள் பலவும் பூட்டியிருக்கும், வழிகாட்டியோடு குறித்த நேரத்தில்தான் திறப்பார்கள். அந்த நேரமும் உங்கள் கப்பல் நேரமும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா போதும். தீவுக்கென்று தனியாக எதுவும் தேவையில்லை.

போய்ச் சேரும் வழி

ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து நேப்பிள்ஸ் பக்கம் போகும் வட்டார ரயிலில் ஏறி, ஃபோர்மியா-கயெத்தா என்ற நிலையத்தில் இறங்குங்கள். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகும். நேப்பிள்ஸிலிருந்தும் இதே நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு. நிலையத்திலிருந்து துறைமுகம் வரை சரிவில் இறங்கி நடந்தால் கால் மணி நேரம். பெட்டி பெரிதாக இருந்தால் டாக்சி எடுத்துக்கொள்ளுங்கள், வரும்போது அந்தச் சரிவு ஏற்றமாகிவிடும்.

ஃபோர்மியாவிலிருந்து ஆண்டு முழுவதும் கப்பல் உண்டு. கோடையில் வேறு சில துறைமுகங்களிலிருந்தும் விடுவார்கள். இரண்டு வகை இருக்கிறது. பெரிய ஃபெர்ரி சுமார் இரண்டு மணி நேரம் எடுக்கும். ஹைட்ரோஃபாயில் என்னும் விரைவுப் படகு ஒரு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும். நான் ஃபெர்ரிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். மேல்தளத்தில் நின்றால் தீவு மெதுவாகக் கடலிலிருந்து எழுந்து வருவதைப் பார்க்கலாம். ஹைட்ரோஃபாயிலில் அடைத்த கண்ணாடிக்குள் உட்கார்ந்து போக வேண்டும், அலை இருந்தால் வயிறு புரளும். கடல் கொந்தளித்தால் முதலில் ரத்தாவதும் அதுதான்.

டிக்கெட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்துத் தீவான போன்ட்ஸாவுக்கும் இதே துறைமுகத்திலிருந்துதான் கப்பல். வரிசையில் நிற்கும் கூட்டத்தில் பாதி அங்கே போகிறவர்கள். ஏறும் முன் கப்பல் எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அப்புறம், தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே ஊருக்கு விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். காற்று மாறினால் ஒரு நாள் முழுக்கத் தீவிலேயே உட்கார வேண்டியிருக்கும்.

கார் வேண்டாம், தீவில் அதற்கு வேலையே இல்லை. வழுக்காத செருப்பு, தொப்பி, ஒரு மெல்லிய மேல்சட்டை (பாறைக்குள் குடைந்த தண்ணீர்த் தொட்டிகளுக்குள் குளிரும்), கொஞ்சம் ரொக்கம். இவ்வளவு போதும்.

இறங்கியதும் மேலே ஏறிவிடாதீர்கள்

கப்பல் நிற்கும் இடம் காலா ரொஸ்ஸானோ என்ற புதிய துறைமுகம். கூட்டம் பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக ஊருக்கு ஏறப் பார்க்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும் பழைய துறைமுகத்துக்குப் போங்கள். மொத்தத் தீவிலும் பார்க்க வேண்டிய முதல் இடம் இது. பெட்டியோடு போனாலும் பரவாயில்லை.

வழக்கமாகத் துறைமுகம் கட்டுவது என்றால் கடலுக்குள் கல்லைக் கொட்டி அணை போடுவார்கள். இங்கே நேர் எதிர். கரையில் இருந்த பாறையை வெட்டி எடுத்து, உண்டான பள்ளத்துக்குள் கடலை வரவிட்டிருக்கிறார்கள். தீவின் பாறை எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான டஃப் என்னும் மென்பாறை. இரும்பு உளிக்கு இசைந்து கொடுக்கும். அப்படி வெட்டி எடுத்தது ஏறத்தாழ 60,000 கன மீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். எடுத்த கல் வீணாகவில்லை, மாளிகை கட்ட அதுவே போயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் எண்ணம்.

கரையோரம் நடந்து பாருங்கள். துறைமுகத்தின் வாய் குறுகல், உள்ளே வளைந்து போகிறது. வெளியே அலை அடித்தாலும் உள்ளே படகுகள் அதிகம் ஆடாமல் நிற்கும். கரையில் படகின் கயிற்றைக் கட்டும் குத்துக்கற்கள் இருக்கின்றன. அவற்றை எங்கிருந்தோ கொண்டுவந்து நடவில்லை. சுற்றிலும் பாறையைக் குறைக்கும்போது அந்த இடங்களை மட்டும் விட்டுவிட்டு வெட்டியிருக்கிறார்கள். அடிவேர் தீவோடு ஒட்டியிருக்கிறது. உப்புக் காற்று தின்று சில மொட்டையாகிவிட்டன. பின்னால் பாறைச் சுவரில் வரிசையாகக் குடைந்த அறைகள் ரோமர் காலத்துக் கிடங்குகள். இப்போது அவற்றில் படகு வாடகைக்காரர்கள், நீர்மூழ்கப் பழக்குபவர்கள், தின்பண்டக் கடைகள். கைவைக்கும் உயரத்தில் சுவரை உற்றுப் பாருங்கள், சாய்வாக ஓடும் உளித்தடங்கள் தெரியும். பழைய சின்னம் என்று வேலி போட்டு வைக்காமல், மீன்பிடிப் படகும் பாய்மரப் படகும் இன்றும் வந்து கட்டும் துறைமுகமாகவே இதை வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போக அது ஒன்றே போதும்.

துறைமுக வாயில் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் அடியில், கடல் மட்டத்தில், பாறையில் வெட்டிய மீன் தொட்டிகள் உண்டு. ரோமப் பணக்காரர்களுக்கு விருந்துக்கு உயிர் மீன் வேண்டும், அதுவும் விலாங்கு போல நீண்ட மொரே மீன் என்றால் உயிர். திறந்த தொட்டி ஒரு பக்கம், நிழலுக்காகக் கூரை விட்டுக் குடைந்த அறைகள் இன்னொரு பக்கம். கடல்நீர் வந்து போகக் கால்வாய்கள், மீன் தப்பாமலிருக்க மதகுகள். இரண்டாயிரம் ஆண்டுகளில் கடல் மட்டம் இங்கே உயர்ந்துவிட்டதால் அதில் ஒரு பகுதி தண்ணீருக்குள் இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கும் காலையில் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினால் கால்வாய்களின் வெட்டு தெளிவாகத் தெரியும். அலை இருந்தால் மேலே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஊருக்குள் ஏறி, பெயர் கொடுங்கள்

துறைமுகத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாய்தளப் பாதைதான் ராம்பா மரீனா. அதன் மேல்முனையில் புனித கான்டிடா தேவாலயம். அங்கிருந்து சில நிமிடங்களில் கோட்டைச் சதுக்கம் வந்துவிடும். இளமஞ்சள், வெளிறிய சிவப்பு வீடுகள் எல்லாம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நேப்பிள்ஸை ஆண்ட போர்போன் மன்னர் குலத்தின் அரசு ஆட்களைக் குடியேற்றியபோது எழுந்தவை. ரோமர்களுக்குப் பிறகு நெடுங்காலம் இங்கே நிலையான ஊர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேச்சு இன்றும் நாக்கில் இருக்கிறது. ஆட்சி எல்லைக்கு மட்டும் 1930-களில் ரோம் இருக்கும் லாட்ஸியோவோடு சேர்த்துவிட்டார்கள்.

சதுக்கத்தில் இருக்கும் கோட்டையில்தான் நகராட்சி அலுவலகம், தொல்பொருள் அருங்காட்சியகம் இரண்டும். முதல் நாளே அருங்காட்சியகத்தில் நுழைந்து, தொட்டிகளுக்கும் மாளிகைக்கும் வழிகாட்டிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். பெயர் கொடுத்த கையோடு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம், பெரிதாக நேரம் எடுக்காது.

தண்ணீர்த் தொட்டிகள்

இரண்டாம் நாள் காலை இதற்கு. இந்தத் தீவில் ஊற்று கிடையாது, ஆறு கிடையாது. பேரரசரின் குளியல் அறைகளும் தோட்டங்களும் நீரூற்றுகளும் மழைநீரை நம்பித்தான் இருந்தன. அதற்காகப் பாறைக்குள் பெரும் தொட்டிகளைக் குடைந்து, நிலத்தடிக் கால்வாய்களால் மாளிகைக்கும் துறைமுகத்துக்கும் நீரைக் கொண்டுபோனார்கள்.

திறந்து காட்டுவது இரண்டை: வில்லா ஸ்தெஃபானியா தொட்டி, கைதிகள் தொட்டி. இரண்டுக்கும் நேரம் இருந்தால் நல்லது, ஒன்றுதான் முடியும் என்றால் கைதிகள் தொட்டிக்குப் போங்கள். படியிறங்கி உள்ளே போனதும் கண் பழக ஒரு நிமிடம் ஆகும். அப்புறம் பார்த்தால் ஒன்றோடொன்று சேரும் நீண்ட கூடங்கள், குடைந்த வளைவுக் கூரை. சுவரில் பூசியிருப்பது சுண்ணாம்பில் உடைத்த ஓட்டுத்தூள் கலந்த சுர்க்கிச் சாந்து. நீர் கசியாமல் காத்தது அதுதான். இன்றும் பல இடங்களில் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் சுவரும் தரையும் சேரும் மூலையைப் பாருங்கள், கூராக விடாமல் உருட்டிப் பூசியிருப்பார்கள். விரிசல் முதலில் விழுவது மூலையில்தான் என்று தெரிந்த கொத்தனாரின் வேலை.

தொட்டிக்கு ஏன் அந்தப் பெயர்? 18ஆம் நூற்றாண்டில் புதிய ஊரைக் கட்டக் கொண்டுவந்த கைதிகளை இதற்குள்தான் தங்கவைத்தார்கள். தண்ணீர் நின்ற இடத்தில் மனிதர்களை அடைத்துவிட்டார்கள். அவர்கள் சுவரில் கீறிய படங்களும் வரைந்த ஓவியங்களும் இன்னும் இருக்கின்றன. ரோமச் சாந்தின் மேலேயே அவை கிடக்கின்றன.

தண்ணீர்ப் பஞ்சம் ரோமர் காலத்தோடு தீர்ந்ததும் இல்லை. போன நூற்றாண்டிலும் நிலப்பகுதியிலிருந்து கப்பலில் தண்ணீர் கொண்டுவந்துதான் சமாளித்தார்கள். விடுதியில் குளிக்கும்போது இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

புன்டா ஏயோலோ: யூலியாவின் மாளிகை

தீவின் வடக்கு முனை. சதுக்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கடலை நோக்கி நீளும் ஒரு மேட்டில் அகஸ்டஸின் மாளிகை இருந்தது. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். பளிங்கும் நல்ல கல்லும் எப்போதோ போய்விட்டன. மிஞ்சியது அடித்தளம், இடுப்பளவுச் சுவர்கள், குளியல் அறைகளின் சுவடு. வெந்நீர் அறைக்குத் தரையை உயர்த்தி, அடியில் சூடான காற்றை ஓடவிடும் ரோம முறையை வழிகாட்டி இங்கே காட்டுவார். நிழல் துளியும் இல்லை. காலை எட்டு, ஒன்பது மணிக்குள் அல்லது மாலையில் போங்கள்.

இடம் சாதாரணமாகத் தெரிந்தாலும் நடந்தது சாதாரணமல்ல. கி.மு. 2-இல் அகஸ்டஸ் தன் ஒரே மகள் யூலியாவை ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சாட்டி இங்கே நாடு கடத்தினார். மது கூடாது. எந்த ஆணும், அடிமையே ஆனாலும், அவர் அனுமதி இல்லாமல் அவளிடம் போகக் கூடாது. அப்படி அனுமதிக்கும் முன் அந்த ஆளின் உயரம், நிறம், உடலில் உள்ள தழும்பு வரை கேட்டுத் தெரிந்துகொள்வாராம். யூலியாவின் தாய் ஸ்கிரிபோனியா, அகஸ்டஸ் எப்போதோ மணவிலக்கு செய்த மனைவி, தானாக விரும்பி மகளோடு வந்து தங்கினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு யூலியாவை நிலப்பகுதிக்கு மாற்றினார்கள், ரோமுக்குத் திரும்ப விடவில்லை.

அடுத்து அதே யூலியாவின் மகள் அக்ரிப்பினா. பேரரசர் திபேரியஸ் கி.பி. 29-இல் இங்கே அனுப்பினார். காவலர் அடித்ததில் ஒரு கண் போனது, கி.பி. 33-இல் பட்டினியால் உயிர் போனது. அக்ரிப்பினாவின் மகன் காலிகுலா பேரரசரானதும் முதல் வேலையாகத் தானே கப்பலேறி வந்து தாயின் சாம்பலை எடுத்துப் போனான். அப்புறம் பேரரசர் நீரோவின் முதல் மனைவி ஒக்டாவியா, கி.பி. 62. வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். கை கால் நரம்புகளை வெட்டி, வெந்நீர்க் குளியல் அறையின் ஆவியில் மூச்சடைக்க வைத்துக் கொன்றார்கள். தலையை ரோமுக்குக் கொண்டுபோனார்கள். எந்த அறை என்று யாராலும் விரல் நீட்ட முடியாது, வழிகாட்டி நீட்டினால் நம்ப வேண்டாம்.

கடைசி நாடுகடத்தல்கள்

ரோமர்கள் கண்டுபிடித்த இந்தப் பயன்பாட்டை முசோலினியும் விடவில்லை. பாசிச ஆட்சியில் நூற்றுக்கணக்கான அரசியல் எதிரிகளை வென்டோட்டேனேவில் வைத்திருந்தார்கள். பூட்டிய சிறை அல்ல. ஊருக்குள் எல்லைக் கோடு, நாளுக்குச் சில முறை பெயர் அழைப்பு, எப்போதும் பின்னால் ஒரு காவலர். அந்த நிலையில்தான் 1941-இல் அல்தியேரோ ஸ்பினெல்லியும் எர்னெஸ்டோ ரோஸியும், எவுஜெனியோ கொலோர்னியின் துணையோடு, போருக்குப் பிந்தைய ஐரோப்பா ஒரே கூட்டாட்சியாக வேண்டும் என்ற அறிக்கையை எழுதினார்கள். கொலோர்னியின் மனைவி உர்சுலா ஹிர்ஷ்மன் கைதி அல்ல, நிலப்பகுதிக்குப் போய்வர முடிந்தவர். அறிக்கை தீவை விட்டு வெளியேறியதில் அவருக்குப் பெரிய பங்கு. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் மூல ஆவணங்களில் ஒன்றாக அதைக் கொண்டாடுகிறார்கள்.

ஸ்பினெல்லியின் அஸ்தி தீவின் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் அன்றைய தலைவர்களான ஜெர்மனியின் மெர்கலும் பிரான்சின் ஒல்லாந்தும் இத்தாலியின் ரென்ஸியும் வந்து மலர் வைத்தார்கள். நீங்களும் மாலையில் அந்தப் பக்கம் நடந்துவிட்டு வரலாம், அரை மணி போதும்.

எதிர்த் தீவு: சான்டோ ஸ்டெஃபானோ

கிழக்கே இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு வட்டமான சின்னத் தீவு, அதன் மேல் ஒரு பெரிய கட்டடம். 1795-இல் திறந்த போர்போன் சிறை அது. வடிவமைத்தவர் பிரான்செஸ்கோ கார்ப்பி. குதிரைலாட வடிவில் மூன்று அடுக்கு அறைகள், எல்லாக் கதவும் நடு முற்றத்தைப் பார்த்தபடி. நடுவில் நிற்கும் ஓரிரு காவலர் கண்ணில் அத்தனை பேரும் படுவார்கள். இத்தாலி மன்னர் முதலாம் உம்பெர்ட்டோவை 1900-இல் சுட்டுக் கொன்ற கயெத்தானோ பிரெஷி மறு ஆண்டு இங்கேதான் இறந்து கிடந்தார். பின்னாளில் இத்தாலியின் குடியரசுத் தலைவரான சாந்த்ரோ பெர்த்தீனியும் இங்கே அடைபட்டவர். 1965-இல் மூடினார்கள்.

சிறையை மீட்டெடுக்கும் திட்டம் நடப்பதால் உள்ளே போக முடியுமா என்பது காலத்துக்குக் காலம் மாறும். துறைமுகத்தில் படகுக்காரரிடம் முதல் நாளே கேளுங்கள். இறங்க முடியாவிட்டாலும் படகில் ஒரு சுற்று வாருங்கள். ஆனால் இரண்டு தீவுகளையும் சுற்றியுள்ள கடல் 1997 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. சில இடங்களில் படகும் போகக் கூடாது, நீச்சலும் கூடாது. வாடகைப் படகை நீங்களே ஓட்டுவதானால் வரைபடத்தில் எல்லையைக் காட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

குளியலும் எச்சரிக்கையும்

ஊருக்கு அடியிலேயே காலா நாவே கடற்கரை இருக்கிறது. கருத்த எரிமலை மணல், எதிரே கடலில் நிற்கும் பாறைகள். இறங்கும் முன் ஒரு விஷயம்: உளிக்கு இசைந்த அதே பாறை மழைக்கும் காற்றுக்கும் இசையும். 2010-இல் காலா ரொஸ்ஸானோ கரையில் பாறை சரிந்து, சுற்றுலா வந்த பள்ளி மாணவிகள் இருவர் இறந்தார்கள். செங்குத்துப் பாறையின் அடி நிழல் எவ்வளவு குளுமையாக இருந்தாலும் அங்கே துண்டை விரிக்காதீர்கள். மூடியிருக்கும் பாதை என்றால் மூடியதுதான். ‘நாலு பேர் போகிறார்களே’ என்று பின்னால் போக வேண்டாம்.

வசந்த காலத்தில் வருபவர்களுக்கு ஒன்று: ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே போகும் பறவைகள் கடலைக் கடக்கும்போது இங்கே இறங்கி இளைப்பாறும். மேட்டுப் பக்கம் பறவை வலசைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆர்வம் இருந்தால் ஏறிப் போங்கள்.

சாப்பாடு

மீன் எங்கும் கிடைக்கும். தீவுக்கே உரியது துவரைக்கும் சின்னதான பழுப்பு நிற லெண்டில் பருப்பு. பாசனம் இல்லாமல், மழையும் எரிமலை மண்ணின் ஈரமும் கொண்டு விளைவது. அதில் செய்யும் சூப் எல்லா உணவகத்திலும் இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அதுவே கை கொடுக்கும். ஆனால் பன்றிக் கொழுப்போ இறைச்சியோ போட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ‘செந்த்ஸா கார்னே’ என்றால் இறைச்சி இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள். மீனும் வேண்டாம் என்றால் ‘செந்த்ஸா பெஷே’ என்று அதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

பருப்பை ஊருக்கு வாங்கிப் போக நினைத்தால் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். விளைச்சல் கொஞ்சம், விலை கூடுதல், மதியம் கடைகள் சில மணி நேரம் மூடிவிடும். கப்பலும் பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் கிளம்பும்.